எண்ணை ஓசையாக்கும் பெட்டி: காரைக்குடியில் இருந்தபடி ஒரு டாக் கட்ட எதை, எங்கே தேடுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிராமபோன் பெட்டிகளும் வால்வு ரேடியோக்களும் இன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து பார்ப்பவர், ஊசியிலிருந்து கொம்பு வரையிலோ ஏரியலிலிருந்து ஸ்பீக்கர் வரையிலோ ஓசை நடந்து வரும் பாதையைக் கண்ணாலேயே தொடர்ந்துவிட முடியும். கைப்பேசியிலும் கணினியிலும் இருக்கும் பாட்டுக்கு அப்படியொரு பாதை கண்ணில் படுவதில்லை. அது எண்களின் வரிசையாக இருக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்ளும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் உறுப்புக்கு எண்ணிலக்க-ஒப்புமை மாற்றி என்று பெயர். புழக்கத்தில் டாக் என்கிறோம். அதை நல்ல மின்வழங்கலோடு தனிப் பெட்டியாகக் கட்டிக்கொள்வது, ஓரளவு சால்டரிங் பழக்கம் உள்ள எவருக்கும் இயலக்கூடிய வேலைதான்.

இந்த வேலையைத் தொடங்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது, "நல்ல சர்க்யூட் ஒன்று எங்கே கிடைக்கும்?" என்பதையே. சர்க்யூட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. வேறொருவர் தம் தேவைக்கும் தம் கையில் இருந்த பாகங்களுக்கும் ஏற்ப வரைந்த படத்தை அப்படியே நகலெடுத்துக் கட்டியவர், முதல் இரைச்சல் கேட்டவுடன் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார் என்பதே நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஆகவே, டாக்கின் மையமான ஐசி (சில்லு) உள்ளே என்ன செய்கிறது என்பதை விளக்கும் நூலை முதலிலும், அந்த ஐசியைச் செய்த நிறுவனத்தின் ஆவணத்தை அடுத்தும், மற்றவர்களின் சர்க்யூட்டுகளைக் கடைசியிலும் தேட வேண்டும் என்று சொல்வேன்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உள்வேலையை விளக்கத் தராசும் பேரேடும் போதும். ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்து எழுதிய எண்ணை மாதிரி என்கிறோம். குறுந்தகட்டின் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் எண். வினாடிக்கு 44,100 மாதிரிகள். 16 எடைக்கற்களை எண்ணிக்கொள்ளுங்கள்: முதல் கல் 1, அடுத்தது 2, அதற்கடுத்தது 4 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இருமடங்கு, கடைசிக் கல் 32,768. இந்தக் கற்களில் சிலவற்றைத் தட்டில் வைத்தும் சிலவற்றை எடுத்தும் 0 முதல் 65,535 வரையுள்ள எந்த எடையையும் நிறுத்துவிடலாம். எடைக்கல்லுக்குப் பதிலாக மின்தடைகளால் மின்னோட்டத்தைப் பகுத்துக் கூட்டினால் அதுவே ஏணி வகை டாக். ஆர்-2ஆர் என்று அழைக்கப்படும் அமைப்பில், ஒரு மதிப்பும் அதன் இருமடங்கும் ஆக இரண்டே வகை மின்தடைகள் போதும் என்பதால், வீட்டில் கட்ட நினைப்பவர்களை அது எளிதில் ஈர்க்கிறது.

ஆனால் சிக்கல் பெரிய கல்லில் இருக்கிறது. 32,768 எடையுள்ள கல்லில் 0.1 விழுக்காடு பிழை இருந்தால், அந்தப் பிழை மட்டுமே சின்னக் கற்கள் 33-க்குச் சமம். 32,767-லிருந்து 32,768-க்குப் போகும்போது மற்ற 15 கற்களையும் எடுத்துவிட்டு இந்த ஒரு கல்லை வைக்கிறோம். பிழை வெளிப்படும் இடம் அதுவே. ஒலி அலை நேரிலிருந்து எதிருக்கு மாறும் நடுப்புள்ளியும் அதுதான் என்பதால், மிக மெல்லிய ஓசைகள் அனைத்தும் இந்தப் பிழையின் மேலேயே நடக்கின்றன. 0.1 விழுக்காடு துல்லியமுள்ள மின்தடைகளைத் தேடி வாங்கி 16 பிட் ஏணி கட்டியவர்கள், வீணையின் தந்தி ஓய்ந்து அடங்கும் தறுவாயில் கரகரப்பு கேட்டு மனம் உடைந்ததற்குக் காரணம் இது. பிலிப்ஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த டிடிஏ 1541 என்னும் ஐசியில், உள்ளிருக்கும் மின்னோட்ட மூலங்களை இடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றின் பிழையை மற்றொன்று சராசரியில் கரைத்துவிடும்படி செய்தார்கள். அந்தப் பழைய ஐசிக்கு இன்றும் இவ்வளவு விருப்பம் இருப்பது வியப்பில்லை.

இன்றைய ஐசிகளில் பெரும்பாலானவை டெல்டா-சிக்மா என்னும் வேறு வழியில் செல்கின்றன. 1962-இல் ஜப்பானில் இனோசேயும் யசுதாவும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் இந்தப் பெயரோடு அதை எழுதினார்கள். இதற்குப் பேரேட்டுக் கணக்கு பொருந்தும். ஒருவருக்கு நாள்தோறும் 3 ரூபாய் 10 அணா தர வேண்டும். கையிலோ முழு ரூபாய் நாணயங்கள் மட்டுமே உள்ளன. முதல் நாள் 3 ரூபாய் தந்துவிட்டு மீதி 10 அணாவை மறுநாள் பற்றில் ஏற்றுகிறோம். மறுநாள் தர வேண்டியது 4 ரூபாய் 4 அணா. 4 ரூபாய் தந்து 4 அணாவை முன்கொண்டு செல்கிறோம். இப்படியே 8 நாள் போனால் ஐந்து நாள் 4 ரூபாயும் மூன்று நாள் 3 ரூபாயும் தந்திருப்போம். மொத்தம் 29 ரூபாய், அணாப் பைசா பிசகாமல் கணக்கு நேராகிவிடும். டெல்டா-சிக்மா டாக் செய்வதும் இதுவே: சில நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மிக வேகமாகத் தந்து, ஒவ்வொரு முறையும் மிஞ்சிய பிழையை அடுத்த முறைக்குக் கொண்டு செல்கிறது. நாளுக்கு நாள் தெரியும் ஏற்ற இறக்கம், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளப்படுகிறது. பின்னால் வரும் ஒரு எளிய வடிகட்டி அதை நீக்கிவிடுகிறது. துல்லியமான பெரிய கல் தேவையில்லை. துல்லியமான கடிகாரம், அதாவது சீரான இடைவெளியில் துடிப்புகள் தரும் உறுப்பு, தேவை.

இதை முறையாகப் படிக்க விரும்புவோருக்கு நம் மாநிலத்திலேயே நல்ல ஆசிரியர் இருக்கிறார். சென்னை ஐஐடியின் சாந்தி பவன், தரவு மாற்றச் சுற்றுகளைப் பற்றி என்பிடெல் என்னும் இணையவழிப் பாடத் திட்டத்தில் நடத்திய பாடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதல் சில வகுப்புகளைப் பொறுமையாகக் கேட்டாலே மாதிரியெடுத்தலும் பிழையும் விளங்கிவிடும். அனலாக் டிவைசஸ் நிறுவனம் வால்ட் கெஸ்டரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட தரவு மாற்றக் கையேட்டையும் அந்நிறுவனமே இலவசமாகப் படிக்கத் தருகிறது. தரைத்தளம் (பலகையில் பூஜ்ஜிய வோல்ட்டுக்கான செம்புப் பரப்பு), டீகப்ளிங் கெபாசிட்டர் (ஐசியின் அருகே மின்வழங்கல் இரைச்சலை அடக்குவது), கடிகாரம் ஆகியவற்றைப் பற்றிய அதன் இயல்களை நான் எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஹொரோவிட்சும் ஹில்லும் எழுதிய பெரிய மின்னணுவியல் நூல் கல்லூரி நூலகம் எதிலும் இருக்க வாய்ப்புள்ளது. அதைச் சொந்தமாக வாங்கும் அவசியம் தொடக்கத்தில் இல்லை.

இனி ஆவணம். நம் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறவர், விற்பவரின் பேச்சை எவ்வளவு கேட்டாலும் இறுதியில் மூலப் பத்திரத்தைக் கேட்கிறார். ஐசிக்கு மூலப் பத்திரம் அதன் டேட்டாஷீட். எந்தக் காலுக்கு எத்தனை வோல்ட், எந்தக் கெபாசிட்டரை எந்தக் கால்களுக்கு இடையில் எவ்வளவு நெருக்கமாக வைப்பது, மின்சாரம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிடவும் பயன் தருவது, அதே நிறுவனம் ஐசியைச் சோதித்துப் பார்ப்பதற்காக வெளியிடும் மதிப்பீட்டுப் பலகையின் கையேடு. முழு சர்க்யூட், பலகையின் ஒவ்வொரு அடுக்கின் படம், பாகப் பட்டியல், அந்தப் பலகையில் அளந்த முடிவுகள் ஆகிய அனைத்தும் அதில் இருப்பதால், ஐசியை நன்கு அறிந்த பொறியாளர்களின் தேர்ந்த வடிவமைப்பே கையில் கிடைத்துவிடுகிறது. இதைப் பலர் தேடாமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

பத்திரத்தைத் தேடும்போது வீடு கைமாறிய வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஒலித் துறையில் பெரிதும் மதிக்கப்பட்ட பர்-பிரவுன் நிறுவனத்தை 2000-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. எனவே பிசிஎம் என்று தொடங்கும் ஐசிகளின் ஆவணங்கள் அங்கே உள்ளன. பிலிப்ஸின் குறைகடத்திப் பிரிவு 2006-இல் என்எக்ஸ்பி ஆயிற்று. நேஷனல் செமிகண்டக்டர் 2011-இல் டெக்ஸாஸிடமும், வுல்ஃப்சன் 2014-இல் சிரஸ் லாஜிக்கிடமும், லீனியர் டெக்னாலஜி 2017-இல் அனலாக் டிவைசஸிடமும் சேர்ந்தன. இந்த உறவுமுறை தெரியாமல் பழைய பெயரில் மட்டும் தேடுபவருக்கு, யாரோ ஸ்கேன் செய்த மங்கலான நகல்தான் கிடைக்கும். டாக் ஐசிகள் செய்யும் இஎஸ்எஸ் நிறுவனம் நெடுங்காலம் தன் ஐசிகளின் முழு டேட்டாஷீட்டை ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் பேரில்தான் தந்து வந்தது. அதனால் அந்த ஐசிகளை வைத்துப் பழைய காலத்தில் எழுதப்பட்ட செய்முறைகளில் ஊகம் கலந்திருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆவணத்தின் வயதும் முக்கியம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்கா நகரில், டாக் ஐசிகள் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை தீப்பற்றி எரிந்தது. அதன் ஐசிகளை நம்பி வரையப்பட்ட எத்தனையோ வடிவமைப்புகள் அதன்பின் பாகம் கிடைக்காமல் முடங்கின. ஒரு கட்டுரையைப் பின்பற்றத் தீர்மானிக்கும் முன், அதில் சொல்லியுள்ள ஐசி இன்னும் தயாரிப்பில் உள்ளதா என்பதை நிறுவனத்தின் பக்கத்திலேயே பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது பிசிஎம் 5102ஏ என்னும் டாக் ஐசி. 3.3 வோல்ட் ஒன்றே போதும். உள்ளேயே எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கிக்கொள்வதால், வெளியீட்டில் 2.1 வோல்ட் சிக்னல் தரையை (சர்க்யூட்டின் பூஜ்ஜிய வோல்ட்டை) மையமாகக் கொண்டு வருகிறது. இதை ஏற்றிய ஊதா நிறச் சிறு பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைக் குறித்து இரண்டு விவரங்களை முன்பே தெரிந்துகொண்டால் ஒரு வார அலைச்சல் மிச்சம். எஸ்சிகே என்று குறித்த காலைத் தரையுடன் இணைத்தால்தான் ஐசி தன் கடிகாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பலகையின் பின்புறம் நான்கு சால்டர் பாலங்கள் உள்ளன. அவற்றில் மூன்றாவது, ஓசையை அடைக்கும் எக்ஸ்எஸ்எம்டி காலுக்குரியது, அதை உயர்நிலையில் பாலமிட வேண்டும். மற்ற மூன்றையும் தாழ்நிலையில் வைக்கலாம். "பலகை செத்துப்போய்விட்டது" என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் பல, இந்தப் பாலம் இல்லாமையால் வாய் மூடியிருந்தவைதாம்.

எண்களை ஐசிக்குக் கொண்டு செல்லும் மூன்று கம்பி மரபான ஐ2எஸ், பிலிப்ஸ் 1986-இல் வெளியிட்டது; சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணத்தை நேரடியாகப் படித்துவிடலாம். பிட் கடிகாரம், இடம்-வலம் குறிக்கும் கம்பி, தரவு, அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு பலகைக் கணினியின் 40 கால் இணைப்பில் இவை முறையே 12, 35, 40 ஆகிய கால்களில் கிடைக்கின்றன. அங்கிருந்து இணைத்துப் பாட்டு வரும்வரை ஒரு மாலைப் பொழுது போதும்.

அடுத்த படி கடிகாரம். 44.1 கிலோஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸும், 48 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸும் துடிக்கும் படிகங்கள் வேண்டும்; இரண்டும் அடிப்படை வீதத்தின் 512 மடங்கு. ராஸ்பெர்ரி பையில் இந்தப் படிகங்கள் இல்லை; அது தன் உள் கடிகாரத்தைப் பின்னமாக வகுத்துத்தான் 44.1-ஐப் பெறுகிறது, ஆகவே துடிப்புகள் சற்றே முன்பின்னாக விழும். 16 பிட்டில் 20 கிலோஹெர்ட்ஸ் முழு அலைக்கு அரைப் படி பிழைகூட வராமலிருக்க வேண்டுமானால், அந்த முன்பின் ஏறக்குறைய 121 பிக்கோவினாடிக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. இசையில் அவ்வளவு உரத்த 20 கிலோஹெர்ட்ஸ் ஒருபோதும் இராது என்பதால் நடைமுறையில் இவ்வளவு கண்டிப்பு தேவைப்படாது. இருந்தாலும், டாக்கின் பக்கத்தில் இரண்டு படிகங்களை வைத்து, அவற்றின் வேகத்துக்குக் கணினியை எண்களைத் தரச் செய்யும் அசிங்க்ரனஸ் யூஎஸ்பி பலகைகளே சரியான தீர்வு. எக்ஸ்மாஸ் செயலியைக் கொண்டு செய்யப்பட்டவை எளிதாகக் கிடைக்கும்.

மின்வழங்கலைப் பற்றி வெளிநாட்டுக் கட்டுரைகள் சொல்வதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெயருக்கு 230 வோல்ட். கோடையில் பம்புசெட்டுகளும் ஏசிகளும் ஓடும் நேரத்தில் கிராமத்து வீட்டில் அது எவ்வளவுக்கு இறங்கும் என்பதை மல்டிமீட்டரை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 190 வோல்ட் வரை இறங்குவதாக வைத்துக் கணக்கிடுவோம். 7.5 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால், டையோடு இழப்பு போகக் கெபாசிட்டரில் 7 வோல்ட் அளவே நிற்கும். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் எல்எம் 317 ரெகுலேட்டரைக் கொண்டு 5 வோல்ட் எடுக்க 8 வோல்ட் வேண்டும் என்பதால், ரெகுலேட்டர் பிடி விட்டு 100 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டுக்குள் நுழையும். 9 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் அதே நிலையில் 8.8 வோல்ட் மிஞ்சும். எல்எம் 317-க்குப் பின்னால் கடிகாரத்துக்கும் ஒப்புமைப் பகுதிக்கும் மட்டும் எல்டி 3042 போன்ற மிகக் குறைந்த இரைச்சல் ரெகுலேட்டரைத் தனியே வைக்கலாம். அதன் டேட்டாஷீட் சொல்லும் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட்.

இந்த டிரான்ஸ்பார்மர் விஷயத்தில் நாம் நற்பேறு பெற்றவர்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் டிரான்ஸ்பார்மருக்காக எங்கும் அலைய வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் ஸ்டெபிலைசர் டிரான்ஸ்பார்மர் சுற்றிப் பழகியவரிடம் அளவு சொன்னால் சுற்றித் தருவார். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் ஒரு சுற்று செம்புத் தகடு வைத்து, அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் காகிதம் கொடுத்து, ஒரு முனையிலிருந்து எர்த்துக்கு வயர் எடுக்கச் சொல்ல வேண்டும். முனைகள் தொட்டால் அது மூடிய வளையமாகிச் சூடேறி எரிந்துவிடும். இதை வாயால் சொன்னால் போதாது, படம் வரைந்து கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஓடும் வீடுகளில் மின்கம்பி வழியே வரும் கூர்மையான இரைச்சலை இந்தத் தகடு பெருமளவு தடுக்கிறது.

எர்த்தும் நம் மண்ணோடு தொடர்புடையது. செம்புறாங்கல் பூமி கோடையில் வறண்டு எர்த் குழியின் தடை ஏறிவிடுகிறது. உப்பும் கரியும் இட்ட குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் விடும் பழைய வழக்கம் காரணத்தோடுதான் இருந்திருக்கிறது. உறுமலை நிறுத்துவதற்காக மூன்றாவது பின்னை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. உறுமலுக்குக் காரணமான தரை வளையத்தை (தரை இணைப்புகள் இரு வழியாகச் சேர்ந்து உண்டாகும் மூடிய சுற்றை) கண்டுபிடித்து உடைப்பதே செய்ய வேண்டியது.

பாகங்கள் வாங்குமிடம் பற்றி. மின்தடை, கெபாசிட்டர், டையோடு, பெட்டிக்கான ஆர்சிஏ சாக்கெட் ஆகியவை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைப்பவை. இல்லாதவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் பார்க்கலாம். ஐசிகளை மட்டும் நிறுவனம் அங்கீகரித்த விநியோகஸ்தர்களான மவுசர், டிஜிகீ, எலிமெண்ட்14 போன்றவற்றில் வாங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தயாரிப்பு நின்றுபோன டிடிஏ 1541ஏ, பிசிஎம் 1704 ஆகியவற்றின் பெயரில், வேறு மலிவான ஐசியின் முகப்பைச் சுரண்டி மறுபடி எழுத்துப் பொறித்தவை சந்தையில் ஏராளமாக உலவுகின்றன. நானும் ஒருமுறை அப்படி இரண்டு டிடிஏ 1541ஏ வாங்கி, ஒன்றில் சத்தமே இல்லாமலும் மற்றொன்றில் ஒரு பக்கம் மட்டும் பாடியும் ஒரு மாதத்தை இழந்தேன். பழம்பொருள் கடையில் பழையது மதிப்புள்ளது. ஐசியில், பிறந்த வழி தெரியாத பழையதை வாங்கக் கூடாது.

அந்தக் கடைகள் பெட்டிக்கு உதவும். பழைய தேக்குப் பெட்டி ஒன்று மிக அழகாக அமையும். மரம் மின்காந்த இரைச்சலைத் தடுக்காது என்பதால் உட்புறம் முழுவதும் அலுமினியத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்துவிட வேண்டும்.

அளப்பதற்குத் தொடக்கத்தில் மல்டிமீட்டரும், ஒலி உள்ளீடு கொண்ட ஒரு நல்ல யூஎஸ்பி சவுண்ட் கார்டும் போதும். ஆர்இடபிள்யூ என்னும், ஒலியை அளக்கும் இலவச மென்பொருளில் 1 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பித் திரும்ப வாங்கிப் பார்த்தால், 50, 100 ஹெர்ட்ஸில் எழும் முள்கள் மின்வழங்கலையும், 2, 3 கிலோஹெர்ட்ஸில் எழுபவை ஒலிச்சிதைவையும் காட்டும். ஆசிலோஸ்கோப் தேவைப்படும் கட்டம் வந்தால், 1952 முதல் இயங்கிவரும் அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி போன்றவற்றில் பயிலும் மாணவர்கள் ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்றவர்களும் அப்படிப் பயிலும் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

கேட்டுப் பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. இசைத்தட்டு வணிகத்திலிருந்து படத்தொழிலுக்குப் போன ஏ.வி. மெய்யப்பனின் ஊர் இது. பழைய 78 சுழற்சித் தட்டுகள் வீடுகளில் இருப்பதும், அவற்றைக் கணினியில் ஏற்றிக் கேட்கும் ஆவலும் இயல்பானவை. காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணை மரபை மதிக்கும் நமக்கு அந்தப் பழைய ஒலிகள் விலைமதிப்பற்றவை. ஆனால் தட்டின் உராய்வு இரைச்சல், எந்த டாக்கின் பிழையையும் தனக்குள் மறைத்துவிடும் அளவுக்கு உரத்தது; கட்டிய பெட்டியைச் சோதிக்க அது பயன்படாது. நல்ல அரங்கில் அண்மையில் பதிவான தனி வீணையை எடுத்துக்கொண்டு, இரவில் வீதி அடங்கிய பிறகு, மந்தர ஸ்தாயியில் மீட்டிய ஒரு சுரம் முழுவதும் ஓயும்வரை ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். சுரம் அடங்குகையில் கூடவே மணல் உதிர்வது போன்ற ஓசை வந்தால் ஐசியின் துல்லியத்தையும், சுரம் அடங்கிய பிறகும் தாழ்ந்த உறுமல் நீடித்தால் தரை வளையத்தையும் டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.